கொஞ்சம் என்றால் எவ்வளவு?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதுவரை பிறந்தவர்களுக்குள், ‘கொஞ்சம்’ என்ற சொல்லைக் கேட்டதும் காய்ச்சல்காரனைப் போல முகம் சிவக்கிற ஒரே மனிதரை எனக்குத் தெரியும். அவருக்கு முன்னும் யாராவது அப்படிப் பிறந்திருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடம் போகிற வயதுக்குள் மனமுடைந்து செத்திருப்பார்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு காலைப்பொழுது கழியாது. கொஞ்சம் பொறுங்கோ, கொஞ்சம் அங்காலை அரக்கி இருங்கோ, கொஞ்சத்தாலை வாறன், அவருக்குக் கொஞ்சம் ஏலாமல் கிடக்கு. தூரம் கேட்டால் ‘உதிலைதான்’, அதாவது பக்கத்தில்தான், என்று மோவாயால் காட்டுவோம். அந்த ‘உதிலை’ அடுத்த ஒழுங்கையாகவும் இருக்கும், சாவகச்சேரியாகவும் இருக்கும். மோவாய் ஒன்றுதான்.

இந்த மண்ணில் பிறந்து, இந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்த ஒருவர் எல்லாவற்றையும் அளந்து சொல்லும்படி கேட்பவராக ஆனது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவரை நாங்கள் ‘அலகு’ என்று அழைத்தோம். மீற்றர், கிலோகிராம், செக்கன் என்று ஓர் எண்ணுக்குப் பின்னால் வரவேண்டியதுதான் அலகு. அது இல்லாத எண்ணை அவர் எண்ணாக மதிப்பதில்லை. அது இல்லாமல் பேசுகிறவரை ஆளாகவும் மதிப்பதில்லை. பெற்றோர் அவருக்கு ஒரு நல்ல பெயர் வைத்திருந்தார்கள். பல்கலைக்கழகத்தின் நேரசூசியில் அதைக் கண்டிருக்கிறேன். யாரும் பாவித்ததைக் கேட்டதில்லை.

அவர் என்னுடைய ஆசிரியர். அவரைவிட எனக்கு இரண்டு மடங்கு வயது.

இந்த அலங்கோலம் எப்படி நேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்துப் பிரதி அதிபராக ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற யாழ்ப்பாண ஆசிரியருக்கு இரண்டு வழிகள்தான் இருக்கின்றன. ஒன்று, கனடாவுக்குப் போய்ப் பேரப்பிள்ளைகளுக்குச் சப்பாத்துக் கட்டிவிடுவது. மற்றது, பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது. எனக்குக் குளிர் ஒத்துவராது. ஆகவே எங்கள் கிணறுகள் பழுதாகிப் போவதைப் பற்றி வாரத்துக்கொரு கடிதம் எழுதினேன். ஒருநாள் யாரோ ஒரு வாசகர் பதில் எழுதினார்: ‘வரலாறு படிப்பித்த இந்தப் பெரியவருக்குத் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும்?’

நியாயமான கேள்வி. ஒன்றும் தெரியாது என்பதே அதற்குச் சரியான பதில். தெரியாததைப் படித்துத் தெரிந்துகொள்வது உலக வழக்கம். அதற்கு ஒரு பட்டம் எடுத்து, பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, கேட்டவனின் வாயை மூடுவது யாழ்ப்பாண வழக்கம். சுற்றாடல் பொறியியலில் முதுமாணிப் பட்டம் என்று ஒரு விளம்பரம் வந்தது. பொறியியல் படிக்காதவர்களும் விண்ணப்பிக்கலாமாம். ஆனால் அவர்கள் முதலில் ஒரு தவணை ‘இணைப்பு வகுப்பு’ படித்துச் சித்தியடைய வேண்டும். கணக்கும், தண்ணீர் ஓடுகிற விதமும் தெரியாதவர்களை வைத்து எப்படிப் பொறியியல் படிப்பிப்பது? சித்தியடையாவிட்டால் வந்த வழியே வீட்டுக்குப் போகலாம்.

கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று விளம்பரம் சொன்னது. கதவுக்குப் பின்னால் அலகு நிற்கிறார் என்று சொல்லவில்லை.

வகுப்பில் என்னோடு ஒட்டிக்கொண்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் இறையியல் படித்த போதகர். “சீவத் தண்ணியைப் பற்றி எத்தினையோ வருசமாப் பிரசங்கம் பண்ணுறன். சாதாரண தண்ணியைப் பற்றி ஆராவது கேட்டால் முழுசவேண்டிக் கிடக்கு” என்பது அவர் சொன்ன காரணம். மற்றவர் வாசுகி, வணிகம் படித்துவிட்டு வங்கியில் வேலை செய்பவர். சுற்றாடலுக்கு உகந்த தொழில்களுக்குக் கடன் கொடுக்க ஓர் ஆள் தேவை என்று வங்கி சொல்லியிருந்தது. அந்தக் கதிரையில் வாசுகிக்குக் கண். மூன்று பேரும் கணக்கைக் கடைசியாகக் கண்டது சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில். அதற்குப் பிறகு எங்களுக்கும் அதற்கும் கதைபேச்சு இல்லை.

முதல் நாள் ஒல்லியான ஒருவர் உள்ளே வந்தார். இடுப்புப் பட்டியில் அளவு நாடா தொங்கியது. ஏதோ ரிப்பெயர் செய்ய வந்தவர் என்று நினைத்து, “யன்னல் இஞ்சாலைதான் தம்பி” என்று நான் கைகாட்டினேன். அவர் யன்னலைப் பார்த்துவிட்டு மேசைக்குப் போய் நின்றார்.

“எல்லாரும் ஆர் எவர், எங்கையிருந்து வாறியள் எண்டு சொல்லுங்கோ” என்றார்.

நான் மூத்தவன் என்ற உரிமையோடு எழுந்து பெயரையும், பதவியையும், ஓய்வு பெற்ற பதவியையும் சொல்லி முடித்தேன். சண்டிலிப்பாயிலிருந்து வருகிறேன் என்றேன்.

“எவ்வளவு தூரம்?”

“உதிலைதான்.”

அவர் திரும்பிக் கரும்பலகையில் ‘தூரம் = உதிலை’ என்று எழுதினார். “மாஸ்ரர், உதிலையை எந்த அலகிலை போடுறது?”

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வேலை செய்த காலம் முழுவதும் கேள்வி கேட்டவன் நான். கேள்விக்குள் அகப்பட்டது அன்றுதான்.

“ஒரு பத்து வரும்” என்றேன்.

“பத்து என்ன? மாம்பழமோ?”

“கிலோமீற்றர், சேர்.”

“அது வாயிலை வர எவ்வளவு பாடு” என்றார். அன்றே வாசுகி அவருக்கு ‘அலகு’ என்று பெயர் வைத்தாள். வாசுகி வைத்த பெயர்களில் வங்கி முகாமையாளருக்கு வைத்தது இதைவிடப் பொருத்தம். அதை இங்கே எழுத முடியாது.

வகுப்பில்தான் இந்தப் பாடு என்று பார்த்தால் வெளியிலும் அப்படித்தான். பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலையில் தேத்தண்ணீர் ஊற்றுகிற அண்ணை, “சீனி கொஞ்சம் போடட்டோ?” என்று ஒருநாள் அவரிடம் கேட்டுவிட்டார். “கொஞ்சம் எண்டால் எத்தினை கிராம்?” என்றார் அலகு. அதற்குப் பிறகு அண்ணை அவருக்கு மாத்திரம் தேத்தண்ணீரை வெறுமையாக ஊற்றி, சீனிப் போத்தலைப் பக்கத்தில் தள்ளிவைத்துவிட்டு, “நீங்களே நிறுத்துப் போடுங்கோ சேர்” என்று உள்ளே போய்விடுவார். ஒரு செத்தவீட்டில், பிரேதம் எப்ப எடுக்கிறது என்று கேட்ட அலகுக்கு ‘கொஞ்சத்தாலை’ என்று பதில் கிடைத்ததாம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “எனக்கு நிமிசத்திலை சொல்லுங்கோ” என்றாராம். அந்தக் குடும்பம் இன்றுவரை அவரோடு கதைப்பதில்லை என்று கேள்வி.

முதல் பயிற்சியில் ஒரு குழாயால் எவ்வளவு தண்ணீர் போகும் என்று கேட்டிருந்தார். மூன்று இரவு மண்டையை உடைத்து நான் விடையைக் கண்டுபிடித்தேன். சரியான விடை. எண்ணை அழகாக எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன். எண்ணுக்குப் பின்னால் அலகு போடவில்லை. திரும்பி வந்த தாளில் பூச்சியம் இருந்தது.

“விடை சரிதானே, சேர்?”

“நான் கேட்டது கேள்வி, மாஸ்ரர். நீங்கள் தந்தது லொத்தர்ச் சீட்டு இலக்கம். எத்தினை வாளி, எத்தினை லீற்றர், ஒரு நாளைக்கோ ஒரு செக்கனுக்கோ எண்டு இல்லாமல் குழாய்க்காரன் என்னத்தைப் பொருத்துறது?”

முழு வகுப்புக்கும் முன்னால் சொன்னார். சண்டிலிப்பாயில் என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குகிற ஆட்கள் இருந்த காலம் அது. லொத்தர் இலக்கம் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

பிறகு வந்தது வாய்க்கால்.

ஓடுகிற தண்ணீரை அளக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. மிதக்கிற ஒரு பொருளைப் போட்டு, குறித்த தூரத்தை அது எத்தனை செக்கனில் கடக்கிறது என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் ஒருநாள் யாழ்ப்பாணச் சந்தைப் பக்கத்து வாய்க்காலுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மிதக்கவிடுவதற்குத் தேங்காய்ப் பொச்சுத் துண்டொன்று கொண்டுவந்திருந்தார். அதற்கும் நிறை எழுதி ஒட்டியிருந்தது. வாசுகி கையில் கடிகாரம். பொச்சோடு சேர்ந்து கரையால் ஓடவேண்டியவர் போதகர். வயதைக் காரணம் காட்டி நான் ஒரு புடவைக் கடையின் தாழ்வாரத்துக்குள் ஒதுங்கி நின்றேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பொச்சு விழுந்தது. வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாய்க்காலைப் பார்த்தபடி போதகர் ஓடத் தொடங்கினார். ஒரு போதகர் சந்தைக்குள் ஓடினால் யாழ்ப்பாணம் சும்மா நிற்குமா?

“ஐயா, என்ன துலைஞ்சது?”

“உயிர் ஏதும் விழுந்திட்டுதோ?”

“மோதிரமாக்கும். பொதியோடை போகுது, பிடியுங்கோடா!”

மரக்கறிக் கடைக்காரர்கள் எழுந்தார்கள். ஓர் ஓட்டோக்காரர் ஓட்டோவை நடு வீதியில் விட்டுவிட்டு வாய்க்காலுக்குள் குதித்தார். முழங்காலளவு கறுப்புத் தண்ணீரில் நின்று பொச்சைப் பிடித்து, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. “பிடிச்சிட்டன் ஐயா! பயப்படாதேங்கோ!”

அலகு ஓடி வந்தார். நன்றி சொன்னார் என்றா நினைக்கிறீர்கள்? ஓட்டோக்காரரின் கையிலிருந்து பொச்சை வாங்கி, மேலே நடந்துபோய், திரும்பவும் வாய்க்காலில் போட்டார்.

கைதட்டல் நின்றது. பிறகு ஓட்டோக்காரரின் குரல் மாத்திரம் கேட்டது. “உவருக்கு விசரே?”

“அண்ணை, உங்கடை முழங்கால் தரையிலையிருந்து எத்தினை சென்ரிமீற்றர்?” என்று கேட்டார் அலகு. “ஆழம் எழுத வேணும்.”

அன்று அடி விழாதது போதகரின் அங்கிக்கு இருந்த மரியாதையால். ஓட்டோக்காரர் முழங்காலை அளக்க விட்டது எதனால் என்று எனக்கு இன்றும் தெரியாது.

இதற்குப் பிறகும் எனக்குத் தண்ணீர்க் கணக்கு ஓடவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுப் படலையில் மணி கேட்டது. அலகு சைக்கிளில் நின்றார். பின் கரியரில் ஒரு வாளி கட்டியிருந்தது. “கடதாசியிலை விளங்காத ஆக்களுக்குக் கிணத்தடியிலை விளங்கும்” என்றார். வெயிலில் நின்று, நீர்ப்பம்புக் குழாயின் கீழே வாளியைப் பிடித்து, நிரம்ப எத்தனை செக்கன் என்று என்னையே எண்ணவைத்தார். ஒரு வாளி, இன்னொரு வாளி, குழாயின் வாயைப் பாதி மூடி இன்னொரு வாளி. பின்னேரம் ஆவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. இதற்கு அவர் ஒரு சதமும் வாங்கவில்லை. பல்கலைக்கழகம் இதை வேலையாகவும் கணக்கெடுக்காது.

என் மனைவி அவரைச் சாப்பிட இருத்தினாள். கத்தரிக்காய்க் குழம்பு, மரவள்ளிக் கிழங்கு, முருங்கையிலை வறை. சோற்றுக் கோப்பை வெறுமையாகும்போது அகப்பையோடு வந்தாள்.

“இன்னும் கொஞ்சம் போடட்டோ தம்பி?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“கொஞ்சம் எண்டால் எவ்வளவு, அன்ரி?”

“சோறு அளந்து போடுற இடம் ஆசுப்பத்திரி. இது வீடு. கோப்பையை நீட்டும்.”

அலகு கோப்பையை நீட்டினார். சாப்பிட்டு முடித்துவிட்டு, படலையடியில் நின்று, “உங்கடை வீட்டு அன்ரி சரியான கடும் ஆள்” என்று என்னிடம் சொன்னார். அவர் வாயிலிருந்து அளவில்லாமல் வந்த முதல் புகழ்ச்சி அது.

பிறகு அரைத்தவணைப் பரீட்சை வந்தது. நான் கணக்கெல்லாம் சரியாகச் செய்தேன். ஆனால் எண்ணுக்குப் பின்னால் அலகு போட மாட்டேன் என்று ஒரு வீறாப்பு. அறிவாளிக்கு எண் போதும், மற்றதெல்லாம் கடைக்காரனுக்கு என்று எனக்குள்ளே ஒரு வரலாற்று ஆசிரியன் சொல்லிக்கொண்டிருந்தான். நான் தவறினேன். போதகரும் வாசுகியும் வேறு காரணங்களால் தவறினார்கள். நான் தவறிய செய்தி எனக்கு முன்னால் சண்டிலிப்பாய்க்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சைக்கிளை விட்டு இறங்குகிறவர்கள் இறங்கிக்கொண்டே சிரித்தார்கள்.

யாழ்ப்பாணத்தானுக்குக் கோபம் வந்தால் கை ஓங்கமாட்டான். பேனையை எடுப்பான். நான் அவர்மேல் முறைப்பாடாக ஒரு பெட்டிசம் எழுதினேன்.

நல்ல தமிழில் எழுதினேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். ‘மேற்படி விரிவுரையாளர் பல தடவைகள் மாணவரை நெடுநேரம் அவமானப்படுத்தியுள்ளார். வயோதிப மாணவரைக் கொட்டும் மழையில் வாய்க்கால் கரையில் வெகுதூரம் ஓடவிட்டுள்ளார். அளவுகடந்த மனவுளைச்சலை ஏற்படுத்தியுள்ளார். அவரிடம் ஒரு சொட்டு இரக்கமும் காணப்படவில்லை.’ புடவைக் கடைத் தாழ்வாரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வாளியைப் பற்றியும் இல்லை. கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றியும் இல்லை.

வாசுகி வாசித்துவிட்டுப் பேனையை உருட்டிக்கொண்டிருந்தாள். “மாஸ்ரர், உது கூடிப்போச்சோ? அவர் தற்காலிக விரிவுரையாளரெல்லோ. தவணை முடியத்தான் திரும்ப எடுக்கிறதோ விடுகிறதோ எண்டு பாப்பினம்.”

“சும்மா ஒரு வெருட்டுத்தான் பிள்ளை” என்றேன்.

அவள் கையொப்பம் வைத்தாள். போதகர் கண்ணை மூடி ஒரு சிறு செபம் செய்துவிட்டு வைத்தார். செபம் யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

துறைத் தலைவருக்குக் கொடுத்தால் போதுமாக இருந்தது. ஆனால் பெட்டிசம் எழுதிப் பழகிய கை அடியில் வந்ததும் தானாகவே ‘பிரதிகள்’ என்று எழுதிவிட்டது. பிரதி போடாத பெட்டிசத்தை எங்கள் ஊரில் தபால்காரனே மதிக்கமாட்டான். பீடத்துக்கு ஒன்று, நிர்வாகத்துக்கு ஒன்று, கொழும்பில் ஓர் அமைச்சுக்கு ஒன்று என்று போட்டேன். அந்த அமைச்சுக்கும் தண்ணீருக்கும் என்ன தொடர்பு என்று எனக்குத் தெரியாது. பெயர் பெரிதாக இருந்தது.

துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டுத் தன் தலையில் கை வைத்தார். “மாஸ்ரர், எனக்கு மட்டும் தந்திருந்தால் ரெண்டு பேரையும் இருத்தி ஒரு தேத்தண்ணியோடை முடிச்சிருப்பன். நீங்கள் கொழும்புக்கெல்லோ பிரதி போட்டிட்டியள். இனி விசாரணை வைக்காமல் ஏலாது.”

விசாரணை நடந்தது. மூன்று பேர் ஒரு நீள மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். என்னை ஒரு பக்கத்திலும் அலகை மற்றப் பக்கத்திலும் இருத்தினார்கள். பெட்டிசத்தின் ஒரு பிரதி அவரிடம் இருந்தது. அதைச் சிவப்புப் பேனையால் திருத்திக்கொண்டு வந்திருந்தார்.

திருத்திக்கொண்டு. விளங்குகிறதா? தன் வேலையைப் பறிக்க எழுதிய தாளை அவர் விடைத்தாளைப் போலத் திருத்தியிருந்தார்.

“‘பல தடவைகள்’. எத்தினை எண்டு இல்லை” என்று வாசித்தார். “‘கொட்டும் மழை’. மில்லிமீற்றர் இல்லை. ‘வெகுதூரம்’. அண்டைக்குப் போதகர் ஓடினது இருபது மீற்றர், நாடா பிடிச்சு அளந்தது. ‘ஒரு சொட்டு இரக்கம்’. ஒரு சொட்டு எண்டால் ஏறக்குறைய ஒரு மில்லிலீற்றரிலை இருபதிலொரு பங்கு. அவ்வளவும் காட்டியிருப்பன் எண்டுதான் நினைக்கிறன்.”

குழுவில் ஒருவர் இருமலைப் போலச் சிரிப்பை அடக்கினார். குழுத் தலைவர் சிரிக்கவில்லை. அவருக்குக் கொழும்புக்குப் பதில் எழுதவேண்டியிருந்தது. என்னைப் பார்த்துக் கேட்டார், “மாஸ்ரர், நீங்கள் மூத்தவர். இதிலை மிகைப்படுத்தல் ஏதும் இருக்கோ? இருந்தால் இப்பவே சொல்லுங்கோ. இதோடை விட்டிடலாம்.”

ஒரு வசனம் போதும். அந்த மனிதரின் வேலை என் நாக்கு நுனியில் இருந்தது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லி இப்போது தப்ப வரவில்லை.

“இல்லை” என்றேன்.

அலகு என்னைப் பார்த்தார். கோபமில்லை. வகுப்பில் விடைக்குக் காத்திருக்கும்போது பார்க்கிற அதே பார்வை. “இல்லையெண்டால் பூச்சியமோ, மாஸ்ரர்?”

“ஓம். பூச்சியம்.”

என் வாழ்நாளில் நான் அளந்து சொன்ன முதல் பதில் அது. அதுவும் பொய்.

எழுந்து போகும்போது சிவப்புப் பேனை பட்ட பிரதியை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அடியில் புள்ளி போட்டிருந்தார்: நூற்றுக்கு ஐந்து. பக்கத்தில், ‘கையெழுத்து அழகு’.

தவணை முடிந்தது. அவரைத் திரும்ப எடுக்கவில்லை. வீட்டில் நான் இதை ஒரு வெற்றியாகச் சொல்லத் தொடங்கினேன். மனைவி கேட்டுக்கொண்டு நின்றாள். “எங்கடை வீட்டிலை கோப்பை நீட்டின பொடியனிலையே பெட்டிசம் எழுதினனியள்?” என்று மட்டும் கேட்டாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு, “கொஞ்சம் போடட்டோ?” என்று அவள் கேட்கவில்லை. பிட்டை அளவாக வைத்துவிட்டுப் போனாள்.

தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்த அலகுக்குப் பதிலாக வந்தவர் தங்கமான மனிதர். என்ன எழுதினாலும் ‘கிட்டத்தட்டச் சரி’ என்பார். நாங்கள் எல்லோரும் கிட்டத்தட்டச் சித்தியடைந்து, முதுமாணிப் படிப்பையும் ஒருவாறு முடித்தோம். வாசுகி தன் கதிரையில் ஏறினாள். போதகர் தண்ணீரைப் பற்றிப் புதிதாகப் பிரசங்கம் செய்தார். நான் கறுப்பு அங்கி போட்டுப் படம் எடுத்து, கடிதங்களுக்குக் கீழே பட்டத்தையும் போடத் தொடங்கினேன். ‘என்ன தெரியும்?’ என்று கேட்ட அந்த வாசகர் அதன் பிறகு வாய் திறக்கவில்லை. அநேகமாக அவர் பத்திரிகை வாங்குவதை நிறுத்தியிருப்பார்.

கையில் பட்டம் இருந்தால் ஊர் சும்மா விடாது. எங்கள் ஒழுங்கை முன்பள்ளிக்கு மலசலகூடக் குழி வெட்ட இடம் காட்டச் சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் ஊரில் குழி வெட்டுவதற்கு ஒரு மரபு உண்டு. தன் கிணற்றுக்கு எவ்வளவு தூரமாக முடியுமோ அவ்வளவு தூரமாக, வேலி மூலையில் வெட்டவேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் அயலவனின் கிணறு இருந்தால் அது அயலவனின் பாடு. நிலத்துக்குக் கீழே ஓடுகிற தண்ணீர் வேலியைக் கண்டால் நின்றுவிடும் என்பது எங்கள் பரம்பரை நம்பிக்கை.

“உதிலை வெட்டுவம் மாஸ்ரர்” என்று முன்பள்ளித் தலைவர் மோவாயால் மூலையைக் காட்டினார்.

“உதிலை எண்டால்? கிணத்திலையிருந்து எத்தினை மீற்றர்?”

என்னுடைய குரல்தான். சொல் என்னுடையதல்ல. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் நாடா எடுத்து அளந்தேன். வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை விட்டு அந்தப் பக்கத்தையும் அளந்தேன். அயல் வீட்டுக் கிணறு வேலியோடு ஒட்டிக் கிடந்தது. முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் வருவதும் அந்தக் கிணற்றிலிருந்துதான். குழியை வீதிப் பக்கம் மாற்றவைத்தேன். “மாஸ்ரருக்கும் படிச்சுப் படிச்சு விசர் பிடிச்சிட்டுது” என்று யாரோ சொன்னார்கள்.

சித்தி தந்தவர் ஒருவர். படிப்பித்தவர் இன்னொருவர். இது விளங்க எனக்கு ஒரு வேலிப் பொட்டு தேவைப்பட்டது.

அன்றே துறைக்கு எழுதினேன். என் பெட்டிசத்தில் எது எவ்வளவு பொய் என்று வரிக்கு வரி அளவோடு எழுதினேன். தாழ்வாரத்தையும் எழுதினேன். வாளியையும் எழுதினேன். அதே பிரதிகளைப் போட்டேன், அமைச்சுக்கும் சேர்த்து. பதில் வந்தது: ‘தங்கள் கடிதம் உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும்.’ உரிய காலம் என்பது எத்தனை மாதம் என்று அதில் இல்லை.

அதை எடுத்துக்கொண்டு சாவகச்சேரிக்குப் பஸ் ஏறினேன். அலகு அங்கே தன் மாமனின் ஹாட்வெயார் கடையில் நிற்பதாகச் சொன்னார்கள். தேட வேண்டியிருக்கவில்லை. சத்தம் வீதிக்குக் கேட்டது.

“தம்பி, கொஞ்சம் கம்பி தாரும்.”

“கொஞ்சம் எண்டால்? எத்தினை மீற்றர்?”

“வேலி அடைக்கிறதுக்கு.”

“வேலி எத்தினை மீற்றர்?”

“உதிலையிருந்து உதுமட்டும்.” அந்த ஆள் கடைக்குள்ளேயே மோவாயால் காட்டினார்.

“அண்ணை, வீட்டை போய் அளந்துகொண்டு வாங்கோ. ஓசியா நாடா தாறன்.”

அந்த ஆள் நாடாவை வாங்கிக்கொண்டு முணுமுணுத்தபடி போனார். கல்லாவில் இருந்த மாமன், இந்த மருமகனோடு இன்னும் எத்தனை காலம் கடை நடத்தலாம் என்று யோசிக்கிற முகத்தோடு இருந்தார். அலகு என்னைக் கண்டார். எழுந்து கதிரையைத் தட்டிப் போட்டார். இடுப்பில் அதே நாடா. தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

“சேர், நான் உங்களுக்குப் பெரிய பிழை விட்டிட்டன்” என்றேன்.

“பெரிய எண்டால்…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பழக்கதோசம்.

“அண்டைக்குக் கேட்டியள், மிகை பூச்சியமோ எண்டு. பூச்சியமில்லை. நூறு வீதம்.”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். “நூறு வராது மாஸ்ரர். எல்லாருக்கும் முன்னாலை லொத்தர் இலக்கம் எண்டு சொன்னனான். அது அவமானப்படுத்தினதுதான். அதைக் கழிச்சால் ஒரு எண்பது வரும்.”

வேலை போன மனிதர், அதற்குக் காரணமானவனின் குற்றத்தில் இருபது வீதத்தைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். நான் துறையின் பதிலை நீட்டினேன். முழுவதையும் வாசித்தார். ‘உரிய காலத்தில்’ வந்ததும் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்து அதைச் சுற்றி வட்டம் போட்டார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். முன்பல் ஒன்று கொஞ்சம் கோணல்.

“அன்ரி சுகமோ?”

“சுகம். உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறா.”

தேத்தண்ணீர் வந்தது. குடித்தோம். ஏ9 வீதியில் யாழ்ப்பாணப் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தேன்.

“இருங்கோ மாஸ்ரர்” என்றார் அலகு. “கொஞ்சம் இருந்திட்டுப் போங்கோ.”

எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை. இருந்தேன்.